ஏற்றம் மட்டும் எழுதிய பயணத் திட்டம்

காலை 4.50. ராயபுரம், கல்மண்டபம். எந்தக் கடையும் திறக்கவில்லை. இரண்டு சைக்கிள்களையும் சுவரில் சாய்த்து, பின் கேரியரில் ஆளுக்கொரு கோணிப்பையை வைத்துக் கயிற்றால் இறுக்கினோம். ஒவ்வொரு பையிலும் இருபத்தைந்து கிலோ ஈயம் இருந்தது. என் மணிக்கட்டில் கடிகாரம். சட்டைப் பையில் மடித்து வைத்த நாற்பது பக்க நோட்டு. அதன் அட்டையில் ‘ஜவ்வாது மலை: நான்கு நாள் சைக்கிள் பயணம்’ என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது.

அந்த மலைக்கு நாங்கள் போகவில்லை. போகாத பயணத்துக்குக் கட்டுரை எதற்கு என்று வாசகர் கேட்பது நியாயமே. அந்தப் பயணத்துக்காக நாங்கள் ஓர் ஒத்திகைப் பயணம் போனோம். ராயபுரத்திலிருந்து வள்ளூர் வரை இருபத்தொரு கிலோமீட்டர். திரும்புவதற்கும் அதே இருபத்தொன்று என்று திட்டம். திரும்பும் வழியில் பதினொன்றாவது கிலோமீட்டரில் அது நின்றுபோனது. சென்று வந்த அந்த முப்பத்திரண்டு கிலோமீட்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அலங்காரமாக எழுதக் கற்றவன் நான். இதை அப்படி எழுதக் கூடாது என்று எனக்கு நானே விதித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னுடன் வந்தவர் இருதயராஜ். வயது முப்பத்திரண்டு. காசிமேட்டில் விசைப்படகில் வேலை. அது மீன்பிடித் தடைக்காலம். நாற்பத்தைந்து நாள் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், ஆட்களும் கரையில் இருப்பார்கள். அந்த ஆண்டு அவருக்கு அந்த ஓய்வு வேறொரு காரணத்துக்காகத் தேவைப்பட்டது. ரயில் பாதைப் பராமரிப்பு வேலைக்கான எழுத்துத் தேர்வில் பத்து ஆண்டுகளில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை தேறியிருந்தார். எஞ்சியிருந்தது ஓட்டம் மட்டும்: ஒன்றரைக் கிலோமீட்டர், ஆறு நிமிடம், ஜூன் இரண்டாம் வாரம். வயது வரம்பு அந்த ஆண்டோடு அவரைக் கைவிடுகிறது. ஓடி முடித்தால் மாதச் சம்பளம். முடிக்காவிட்டால் உடம்பு தாங்கும் வரை படகு.

அவரை எழுத்துத் தேர்வுக்குத் தயார்செய்தவன் நான். எங்கள் தெருப் படிப்பகத்தில் கேரம் பலகைக்குப் பக்கத்து பெஞ்சில் எட்டு மாதம் உட்கார வைத்துப் பொது அறிவும் கணக்கும் சொல்லிக்கொடுத்தேன். அப்போது எனக்கு வயது இருபத்துமூன்று. கல்லூரிகளுக்கிடையேயான பேச்சுப் போட்டிகளில் பதினான்கு கோப்பைகள் வாங்கியிருந்தேன். தலைப்பின் எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் அந்தப் பக்கத்தை வெல்ல வைப்பேன் என்பது என் பெருமை. அவர் எழுத்துத் தேர்வில் தேறியதும், ஓட்டத்திலும் அவரைத் தேற வைப்பது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

மலை என் யோசனைதான். மலையில் ஏறிப் பழகிய கால்கள் சமதளத்தில் தாமாகவே பறக்கும் என்று படிப்பகத்தில் முழங்கினேன். இருதயராஜ் மறுக்கவில்லை. அவருக்கு அதில் வேறோர் ஆசை இருந்தது. பிறந்தது முதல் கடலைப் பார்த்தவர். மலையைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

திட்டம் முழுவதும் நோட்டில் இருந்தது. முதல் நாள் ரயிலில் வாணியம்பாடி. சைக்கிள்கள் பார்சல் பெட்டியில் வரும். அன்று மாலைக்குள் ஆலங்காயம். இரண்டாம் நாள் ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர், ஏற்றம். மூன்றாம் நாள் அங்கேயே தங்கல், அருவி. நான்காம் நாள் போளூருக்கு இறங்கிப் பேருந்தில் வீடு. தூரங்களை வரைபடத்தின் மேல் தையல் நூலை வளைத்து வைத்து அளந்தேன். இரண்டாம் நாளுக்கு ஆறு பக்கம் எழுதினேன்: எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை நிற்பது, எங்கே தண்ணீர், எப்போது வெல்லம், எந்த இடத்தில் தள்ளிக்கொண்டு நடப்பது. நான்காம் நாளுக்கு ஒரே வரி: ‘போளூர் வரை இறக்கம். சிரமமில்லை.’

அந்த வரி இப்போதும் என்னிடம் இருக்கிறது. கையெழுத்து மிக அழகாக இருக்கிறது.

5.25. டோல்கேட். மூன்றரைக் கிலோமீட்டர். சந்திப்பில் இரண்டு மாநகரப் பேருந்துகளைத் தவிர ஒன்றுமில்லை. வாசகருக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. எங்கள் வட்டாரம் உள்ளங்கை போலத் தட்டையானது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு எதிரி காற்று ஒன்றுதான். சரிவு என்பது அவன் கணக்கிலேயே இல்லை. ரயில் பாதையைக் கடக்கும் மேம்பாலங்கள்தான் எங்களுக்குத் தெரிந்த மேடு. ஆகவே இங்கே பிரேக்கை யாரும் பொருட்படுத்துவதில்லை. ராடு பிரேக் வைத்த சைக்கிள்களின் கம்பிகளை உப்புக் காற்று தின்றுவிடும். தின்றதும் செருப்புக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவோம். அது எங்களுக்குக் குறையாகவே தோன்றியதில்லை.

மலையில்லாத ஊரில் மலை ஏறப் பழகுவது எப்படி? அதற்கும் நான் ஒரு வழி கண்டேன். சரிவு தரும் பாரத்தைச் சுமையாகக் கொடுப்பது. தடைக்காலத்தில் வலைகள் மடித்துக் கிடந்தன. வலையின் அடிக்கயிற்றில் கோத்திருந்த ஈயக்கட்டிகளைப் படகுக்காரரிடம் சொல்லி இரவல் வாங்கினோம். முதல் ஞாயிறு பத்து கிலோ. பிறகு வாரத்துக்கு ஐந்து. இது நான்காவது ஞாயிறு, கடைசி ஒத்திகை. வியாழக்கிழமை ரயில்.

இந்த டோல்கேட் வழியாகத்தான் இருதயராஜின் அக்கா பிலோமினா நாள்தோறும் சைக்கிளில் வேலைக்குப் போகிறார். ஏற்றுமதித் துணி தைக்கும் நிறுவனத்தில் தையல். திட்டம் முடிந்த நாளில் நான் அதைப் படிப்பகத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். தம்பியைக் கூப்பிட வந்த அவர் வாசற்படியில் நின்று கடைசி வரை கேட்டார்.

“எல்லாம் ரைட்டுபா தம்பி. ஏர்றதுக்கு செயினு, ஏர்றதுக்கு பெடலு, ஏர்றதுக்கு வெல்லம். எறங்கறதுக்கு இன்னா வச்சிக்கீறே?”

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கலாம்.

“அக்கா, மனிதன் உழைத்துப் பெறுவது ஏற்றம், உழைக்காமல் பெறுவது இறக்கம். இயற்கை கொடுக்கும் இனாம் அது. இனாம் வாங்க எவனாவது கருவி தேடுவானா?”

கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள் அவர் சொன்னார்: “இனாமா குடுக்கறவன் எப்ப நிறுத்துவான்னு கேட்டுக்கினியா?” மற்றவர்களுக்கு அது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. கேட்காதவன்போல் நிற்பது மேடையில் ஒரு பயிற்சி. அதை நான் நன்றாகக் கற்றிருந்தேன்.

அவர் விடவில்லை. “ராடு மாத்திடுங்கபா ரெண்டு வண்டிக்கும். தொண்ணூறு ரூபாதான். இவன் வண்டிய படகாண்டயே போட்டு வச்சிக்கினுகீறான், உப்பு அரிச்சிருக்கும்.”

“அக்கா, எனுக்கு செருப்பு கீது. புதுச் செருப்பு” என்றார் இருதயராஜ். மறுபடி சிரிப்பு.

“வரும் ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் பிரேக்கைத் தொடாமல் இறங்கி, அளந்து வந்து காட்டுகிறேன்” என்றேன் நான். அது போதும் என்று நினைத்தேன். ஒரு கேள்விக்கு விடை தெரியாதபோது சான்று தருவதாக அறிவிப்பது, அவையைத் தன் பக்கம் வைத்துக்கொள்ளும் வழி. பிலோமினா அக்கா படியிலிருந்து இறங்கினார். “சரி, அளந்துட்டு வா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

6.00. திருவொற்றியூர், சந்தைப் பக்கம். தேநீர் இரண்டரை ரூபாய். கேரியரின் பின்னால் புடைத்திருந்த கோணிப்பையைத் தேநீர்க் கடைக்காரர் விரலால் தட்டிப் பார்த்தார்.

“இன்னாபா கனமா கீது. எங்கனா இரும்ப தூக்கிக்கினு வந்துட்டீங்களா?”

“மலைபா” என்றார் இருதயராஜ். “இருவத்தஞ்சு கிலோ மலை. உனுக்கு அஞ்சு கிலோ வோணுமா?”

“எனுக்கு எதுக்கு? வூட்டாண்ட ஒண்ணு கீது, எழுவது கிலோ, காலைல எழுப்பினாக்கூட அசையாது.”

இருதயராஜ் தேநீர் புரையேறும்வரை சிரித்தார். இரண்டாம் தேநீருக்கு அவர் காசு கொடுத்தார். அவருடைய நடையில் அன்று ஒரு துள்ளல் இருந்தது. நான்கு வாரத்தில் தொடை இறுகியிருந்தது. முந்தைய வெள்ளிக்கிழமை கடற்கரைச் சாலையில் ஓடியபோது ஒன்றரைக் கிலோமீட்டரை ஐந்து நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடியில் முடித்திருந்தார். கடிகாரம் பிடித்தவன் நான். எட்டு விநாடி மிச்சம். அதாவது, மலை அவருக்குத் தேவையே இல்லை. அன்றைக்கே நான் அதைச் சொல்லிவிட்டு நோட்டை மூடியிருக்க வேண்டும். ஆனால் ஆறு பக்கத் திட்டம் ஒன்றை எழுதியவனுக்கு, அது தேவையில்லை என்று சொல்ல மனம் வராது.

6.40. எர்ணாவூர்ப் பக்கம், ரயில் பாதைக்கு மேலே செல்லும் பாலம். ராயபுரத்திலிருந்து பத்து கிலோமீட்டர். கிழக்குப் பக்கத்திலிருந்து ஏறினோம். பாதியில் என் மூச்சு நின்றுவிடும்போல் இருந்தது. இருதயராஜ் இருக்கையிலிருந்து எழுந்து, பெடல் மேல் நின்று மிதித்து உச்சிக்குப் போய் எனக்காகக் காத்திருந்தார். மேற்குப் பக்கச் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. நான் முன்னால் இறங்கி அடியில் நின்று கையசைத்தேன். அவர் பெடலை மிதிக்காமல், பிரேக்கைத் தொடாமல் உருண்டு வந்து என்னைக் கடந்து போய்த் தானாக நின்றார். விளக்குக் கம்பங்களை எண்ணினேன்: ஒன்பது இடைவெளி, இடைவெளிக்கு முப்பது தப்படி. நோட்டில் எழுதினேன்: ‘மேற்கு இறக்கம், 270 தப்படி. பிரேக் தொடவில்லை. இடரில்லை.’

“அக்காவுக்குக் காட்ட ஆச்சு” என்றார் அவர்.

“பாதி ஆச்சு” என்றேன்.

7.50. வள்ளூர். அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகளை நேர் எதிரில் பார்க்கும்படி ஒரு மதகின் மேல் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த இட்லியைத் தின்றோம். நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில் ஒன்று நெடுநேரம் போய்க்கொண்டிருந்தது. பாதையோரம் ஆரஞ்சுச் சட்டை அணிந்த நான்கு பேர் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்கள். இருதயராஜ் இட்லியைக் கையில் வைத்தபடி அவர்களையே பார்த்தார்.

“அதான் வேல” என்றார். “வெயிலுதான், இல்லேங்கல. ஆனா சாய்ந்தரம் வூடு. காலுக்குக் கீழ நவுராத தரை. கடல்ல நின்னு நின்னு, வூட்ல படுத்தாக்கூட எனுக்கு பாய் ஆடுது நைனா.”

சரக்கு ரயில் முழுவதும் போன பிறகு கேட்டார்: “மலைன்னா கிட்டக்க போனா எப்டி இருக்கும்? அலை மாதிரி மேல வந்து நின்னுக்கினு இருக்குமா?”

“அலை விழும், மலை விழாது. அதுதான் வேறுபாடு” என்றேன்.

“நீ ஏறிக்கீறியா?”

“ஏறியிருக்கிறேன்.”

நான் பார்த்த ஒரே மலை பரங்கிமலை. அதையும் மின்சார ரயிலின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இந்தப் பொய்யைச் சொல்வதற்கு எந்த அவையும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மதகின் மேல் இரண்டே பேர் இருந்தோம்.

“நீ சொன்னா கரெக்டா இருக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் கையைக் கழுவினார்.

9.20. மீண்டும் அதே பாலம், இம்முறை உச்சியில் நின்று கிழக்கு நோக்கி. வள்ளூரிலிருந்து பதினொரு கிலோமீட்டர். வெயில் ஏறியிருந்தது. காலையில் காலியாக இருந்த கிழக்குப் பக்கத்தில் இப்போது துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை பாலத்தின் அடி வரை வந்து நின்றுவிட்டிருந்தது. எங்கள் பகுதியில் இது நாள்தோறும் காணும் காட்சி. அடுப்பு மூட்டிச் சமைக்கும் அளவுக்கு அவை ஒரே இடத்தில் நிற்கும். வரிசைக்கும் சாலையோர மண்ணுக்கும் இடையில் ஒரு சைக்கிள் போகும் அளவு சந்து இருந்தது.

“இன்னொரு தபா எதுக்குபா? காலைல ஒண்ணு எட்துக்கினியே” என்றார் இருதயராஜ்.

“ஒன்றை வைத்து எதையும் நிறுவ முடியாது. இரண்டு பக்கமும் அளந்தால்தான் சான்று.”

“லாரி நிக்குது.”

“இடது ஓரமாக வாருங்கள். சந்து இருக்கிறது. பிரேக்கைத் தொட வேண்டாம். தொட்டால் கணக்கு கெட்டுவிடும்.”

அவர் சரிவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு அச்சம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. “சரி, நீ போய் நில்லு” என்றார்.

நான் ஈயத்துடனேயே இறங்கினேன். என் பிரேக் கிரீச்சிட்டுப் பிடித்தும் பிடிக்காமலும் என்னைக் கீழே கொண்டு சேர்த்தது. அப்போதே திரும்பி நின்று கூடாது என்று கை காட்டியிருக்கலாம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கையை உயர்த்தி, வா என்றேன்.

அவர் வந்த வேகம் காலையில் வந்த வேகம் அல்ல. கிழக்குச் சரிவு செங்குத்தானது என்பதை அதில் மிதித்து ஏறியபோது என் தொடை அறிந்திருந்தது. என் நோட்டு அறியவில்லை. சந்துக்குள் அவர் நுழைந்த நேரத்தில், இரண்டு லாரிகளுக்கு நடுவிலிருந்து ஓர் ஓட்டுநர் தண்ணீர்க் குடத்துடன் வெளியே வந்தார். இருதயராஜ் பிரேக்கைப் பிடித்தார். சத்தம் எனக்குக் கேட்டது, பென்சில் ஒடிவதுபோல. செருப்புக் காலை ஊன்றினார். செருப்பு மட்டும் பின்னால் தங்கியது. முதுகுக்குப் பின் இருபத்தைந்து கிலோ ஈயம் தள்ளியது. குடத்துடன் நின்றவரை இடிக்காமல் வலப்பக்கம் ஒடித்தார். அந்தப் பக்கம் லாரியின் பின்புற இரும்புச் சட்டம் இருந்தது. வலது முழங்கால் அதில் மோதியது.

நான் ஓடிப் போனபோது அவர் உட்கார்ந்துதான் இருந்தார். கூச்சல் இல்லை. ஓட்டுநர் நாமக்கல் பக்கத்துக்காரர். குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார்.

“ஏனுங்க தம்பி, பிரேக்குப் புடிக்கக் கூடாதுங்களா?”

“புட்ச்சேண்ணா” என்றார் இருதயராஜ். “புட்ச்சேன்.”

பிரேக்கின் பிடி கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே கம்பி இரண்டாக முறிந்து தொங்கியது. முறிந்த வாயில் உள்வரை துரு.

லாரியில் ஏற்றலாம் என்றால் வரிசை நகராது. எதிர்ப்புறம் காலி ஐஸ் பெட்டிகளுடன் வந்த மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றை ஓட்டுநர் நடுச்சாலையில் நின்று மறித்தார். வண்டிக்காரர் காசிமேட்டு ஆள். “டேய், நம்ம ராஜுடா” என்று பெட்டிகளை அப்படியே சாலையோரத்தில் இறக்கிப் போட்டார். பலகையின் மேல் இருதயராஜைப் படுக்க வைத்து, முழங்காலுக்கு அடியில் என் சட்டையை மடித்து வைத்தோம். வழி நெடுக அவர் ஒரே கேள்வியைக் கேட்டார்.

“ஜூன் பன்னெண்டுக்குள்ள சரியாயிடும்ல?”

ஆகிவிடும் என்று நான் சொன்னேன். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சொன்னேன். குரல் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. பழக்கம்.

10.30. அரசு மருத்துவமனை. முழங்கால் சில்லு மூன்றாக உடைந்திருக்கிறது, கம்பி போட்டுக் கட்ட வேண்டும், மூன்று மாதம் காலை மடக்கக் கூடாது என்றார் மருத்துவர். ஓட்டத்தைப் பற்றி நான் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “முதல்ல நடக்கட்டும்” என்றார்.

ஞாயிற்றுப் பூசை முடிந்து, தலையில் போட்ட முக்காடு கழுத்தில் சரிந்தது தெரியாமல் பிலோமினா அக்கா வந்தார். தம்பியின் நெற்றியில் கையை வைத்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். பிறகு, சட்டையில்லாமல் சுவரோரம் நின்றிருந்த என்னிடம் வந்தார். எனக்குச் சேர வேண்டிய வசை ஒவ்வொன்றையும் நான் மனத்துக்குள் அடுக்கி, அதற்கு மறுமொழி இல்லாமல் தலைகுனிவதற்கும் ஆயத்தமாக இருந்தேன்.

“அளந்துட்டியா தம்பி?” என்று கேட்டார். அவ்வளவுதான். பதிலுக்குக் காத்திராமல் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

திட்டமிட்ட நான்கு நாட்களும் வந்தன. வியாழன் காலை வாணியம்பாடிக்கு ரயில் போனது. ஆலங்காயத்தில் எங்களுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்த பள்ளி ஆசிரியருக்கு, வரவில்லை என்று அஞ்சலட்டை போட்டேன். ஏற்ற நாளான வெள்ளியன்று அறுவைச் சிகிச்சை நடந்தது. போளூர் நாளான ஞாயிறன்று அவரைப் படுக்கையில் சாய்த்து உட்கார வைத்தார்கள். அதற்கடுத்த நாட்களில் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குள் போயின. படகுக்காரர் ஆள் அனுப்பி ஈயக்கட்டிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவை வலைக்குத் திரும்பின. இருதயராஜின் இடத்தில் வேறொருவர் ஏறிக்கொண்டார்.

ஜூன் பன்னிரண்டு, காலை 6.15. இந்தக் கட்டுரையில் மீதமுள்ள பயணம் ஒன்றே. ராயபுரத்திலிருந்து பெரம்பூர் பக்கத்து மைதானம் ஒன்றுக்கு ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர், அறுபது ரூபாய். தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. ஆட்டோவில் அந்தக் காலைப் பிலோமினா அக்கா தன் மடியில் நீட்டி வைத்திருந்தார். எதற்காகப் போகிறோம் என்று அவர் தம்பியைக் கேட்கவில்லை. இருதயராஜ் “போவணும்” என்று மட்டும் சொல்லியிருந்தார். நான் அதை என் போக்கில் புரிந்துகொண்டு, ஓட்டத்தைத் தள்ளிவைக்கக் கோரி இரண்டு பக்க மனு எழுதி வந்தேன். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றுள் மிகச் சிறந்தது அதுவே. கருணை இருந்தது, தருக்கம் இருந்தது, விதியின் உட்பொருளும் இருந்தது.

மேசையில் உட்கார்ந்திருந்த அதிகாரி முதல் நான்கு வரியைப் படித்துவிட்டு மனுவைத் திருப்பிக் கொடுத்தார். “தேதி மாத்த விதியில இடமில்லைப்பா. நல்லாத்தான் எழுதியிருக்கே.”

மைதான ஓரத்தில், கூப்பிடக் காத்திருந்தவர்களுக்குப் பின்னால், ஒரு பெஞ்சில் அவரை உட்கார வைத்தோம். இருபது இருபது பேராக எண்ணைச் சொல்லி அழைத்தார்கள். அவருடைய எண் நூற்று நாற்பத்தேழு. ஏழே முக்கால் மணிக்கு அது வந்தது.

“நூத்தி நாப்பத்தேழு.”

நான் மேசையை நோக்கி அடி எடுத்து வைத்தேன். பிலோமினா அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“நூத்தி நாப்பத்தேழு, இருதயராஜ்.” இரண்டாம் முறை. அதிகாரியின் பேனா தாளை நோக்கிப் போனது.

“கீறேன் சார்.”

ஊன்றுகோல் இரண்டையும் அக்குளில் இடுக்கி, அவர் தானாகவே எழுந்திருந்தார். மேசைக்குப் போய்ச் சேர நேரமானது. வரிசையில் நின்ற பத்தொன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி கட்டைப் பார்த்தார்.

“என்னப்பா, ஓடப் போறியா?”

“இல்ல சார். வரலன்னு போட்றாதீங்க. வந்தேன். ஓடலன்னு போட்டுக்குங்க.”

“ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா. வேலை கிடையாது.”

“உங்க தாளுக்கு ஒண்ணு சார். எனுக்கு ஒண்ணு இல்ல. பத்து வருசமா எழுதினேன்.”

அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு ‘வரவில்லை’ என்ற கட்டத்தில் தொடங்கியிருந்த கோட்டை அடித்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் ‘தேறவில்லை’ என்று எழுதி, தாளைத் திருப்பி வைத்தார். இருதயராஜ் ஊன்றுகோலைத் தோளால் தாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். தமிழில், முழுப் பெயரையும் போட்டார்.

விசில் ஊதியது. பத்தொன்பது பேரும் ஓடினார்கள். உட்காரச் சொன்னேன். “இருபா, முடியட்டும்” என்றார். நின்றுகொண்டே பார்த்தார். முதலில் வந்தவனைவிடக் கடைசியில் வந்தவனைத்தான் அதிக நேரம் பார்த்தார். அந்த இளைஞன் மூன்றாம் சுற்றிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டான், ஆனாலும் நிற்கவில்லை.

ஒரு பயணத்தின் முடிவில் போன ஊரையும் சொந்த ஊரையும் ஒப்பிட்டுச் சொல்வது எழுதுகிறவர்களின் வழக்கம். என்னிடம் ஒப்பிட ஊர் இல்லை. நான் போன தூரம் முழுவதும் சொந்த ஊரே. அங்கே பிறந்து, அங்கே பேசி, அங்கே கைதட்டல் வாங்கி, என்னை நம்பிய ஒரே மனிதரின் காலை அங்கேயே முடித்துவைத்தேன். அவர் இன்று வரை என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் அதற்கு ஒரு மறுப்பு தயாரித்திருப்பேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

கடைசியாக ஓடியவன் கோட்டைத் தாண்டி மண்ணில் விழுந்தான். அவன் எழுந்து நிற்கும் வரை பார்த்துவிட்டு, இருதயராஜ் அக்காவின் பக்கம் திரும்பித் தலையசைத்தார். மைதானத்தின் அந்த ஓரத்திலிருந்து சாலை வரை ஏறக்குறைய நூற்றைம்பது அடி. அதைக் கடக்க எங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது.